ஒரு அட்டை, மூன்று தூரம்: பத்திரிகை அட்டை வடிவமைப்பு ஓர் எளிய அறிமுகம்

பொங்கலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வேளச்சேரியில் ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளர் எனக்கு வாட்ஸ்அப்பில் 43 புகைப்படங்களை அனுப்பினார். சங்கத்தின் ஆண்டு மலர் வேலை. பின்னாலேயே ஒரு குரல் செய்தியும் வந்தது: "இதுல கண்ணைக் கவர்ற மாதிரி ஒண்ணு எடுத்து அட்டைப்படமா போட்டுக் கொடுங்க சார்."

சென்னையில் இருபது வருடத்துக்கு மேலாகப் பத்திரிகைப் பக்கங்களை வடிவமைத்து வருகிறேன். இதே கோரிக்கையைக் கல்லூரி ஆண்டு மலர்க் குழுவும் சொல்லியிருக்கிறது, சிற்றிதழ் நடத்தும் நண்பர்களும் சொல்லியிருக்கிறார்கள், பெரிய வார இதழில் இருந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். நல்ல படம் ஒன்று கிடைத்துவிட்டால் அட்டை முடிந்தது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அந்த நினைப்புக்கு நம் வார்த்தையும் ஒரு காரணம். 'அட்டைப்படம்' என்று சொல்லிவிட்டதால், அதில் படம் மட்டுமே இருப்பதுபோல ஆகிவிட்டது. அச்சகத்தில் அதையே 'ராப்பர்' என்பார்கள். அவர்களுக்கு அது உள்பக்கங்களைச் சுற்றிவரும் தாள். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

பஸ்ஸின் நெற்றி

அடையாறு நிறுத்தத்தில் நின்று 29சி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் வரும்போது நிறமும் உருவமும் மட்டும் தெரியும்: பஸ், அவ்வளவுதான். கொஞ்சம் நெருங்கியதும் எண் தெரிகிறது. இன்னும் நெருங்கினால் 'பெரம்பூர்' என்ற பெயர். பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் எந்த வழியாகப் போகும் என்ற பொடி எழுத்துகள். தினமும் போகிறவருக்கு எண்ணே போதும். ஊருக்குப் புதியவர் அந்தப் பொடி எழுத்து வரைக்கும் படிப்பார். இதில் எண்ணைப் பொடியாகவும் வழியைப் பெரிதாகவும் எழுதியிருந்தால் இருவருமே பஸ்ஸைத் தவறவிடுவார்கள்.

பத்திரிகை அட்டையும் இப்படித்தான், மூன்று தூரத்தில் மூன்று தடவை படிக்கப்படுகிறது. பத்தடியில், இது எந்தப் பத்திரிகை என்று தெரிய வேண்டும். மூன்றடியில், இந்த வாரம் என்ன என்று தெரிய வேண்டும். கைக்கு வந்த பிறகு, உள்ளே எனக்கு என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

முதல் வேலையைச் செய்வது இதழின் பெயர். அந்தப் பெயரை எப்போதும் ஒரே வடிவத்தில் எழுதுவதால் அது ஓர் அடையாளமாகிறது. இதை மாஸ்ட்ஹெட் என்பார்கள். இரண்டாவது வேலை பெரும்பாலும் படத்துடையது. மூன்றாவது, உள்ளே இருப்பதை அட்டையிலேயே சொல்லும் சிறு வாசகங்கள். அவற்றுக்குக் கவர் லைன் என்று பெயர்.

பெயர், படம், வாசகம் என்ற இந்த மூன்றில் எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதுதான் அட்டை வடிவமைப்பு. கீழே சொல்லப்போகிற எல்லா அணுகுமுறைகளும் இந்த மூன்றின் பங்கு மாறுவதால் வருபவைதான்.

கடைக் கயிறு

பெட்டிக்கடைகளில் பத்திரிகை தொங்கிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னும் ஒன்றிரண்டு கடைகள் அப்படி இருக்கின்றன. கடை முகப்பில் குறுக்காக நைலான் கயிறு. துணி காயப்போடும் கிளிப்பால் இதழ்களை மாட்டியிருப்பார்கள். இடம் போதாது என்பதால் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். கீழ் வரிசை இதழின் உச்சி, மேல் வரிசை இதழின் வயிற்றை மறைக்கும். முழுதாகக் கண்ணில் படுவது உச்சியில் நாலு விரல் அகலம். அதனால்தான் பெயர் எப்போதும் உச்சியில் இருக்கிறது. ரயில் நிலையக் கடைகளின் சாய்வுப் பலகைகளில் இதழ்களைப் பக்கவாட்டில் அடுக்குவார்கள். அங்கே தெரிவது இடது ஓரம் மட்டும். முக்கியமான வாசகங்களை இடது பக்கம் வைக்கும் வழக்கம் அதனால் வந்தது.

இன்னொன்றும் அந்தக் கயிறு சொல்லிக்கொடுக்கும். மேற்கு பார்த்த கடையில் ஒரு மாதம் தொங்கிய அட்டையைப் பாருங்கள், முகமெல்லாம் நீலம் பாரித்திருக்கும். மஞ்சளும் சிவப்பும் வெயிலில் முதலில் போய்விடும், நீலமும் கறுப்பும் கடைசிவரை நிற்கும்.

பெயரே மறைந்தாலும் அடையாளம் நிற்க வேண்டும் என்று நினைத்தவர்கள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் 'நேஷனல் ஜியோகிராபிக்' 1910 முதல் மஞ்சள் விளிம்போடு வருகிறது. 'டைம்' 1927-ல் சிவப்பு விளிம்பைக் கொண்டுவந்தது. ஒரு விரற்கடை நிறம் தெரிந்தாலே பத்திரிகை எது என்று தெரிந்துவிடும். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவுகிறோமே, அதே மாதிரிதான். உறையைப் பிரிப்பதற்கு முன்பே இது சுபச் செய்தி என்று தெரிந்துவிடுகிறது.

சரி, கயிற்றில் தொங்கத் தேவையே இல்லாத இதழ் என்றால்? 1925-ல் தொடங்கிய 'நியூ யார்க்கர்' இதழின் அட்டையில் ஓவியமும் பெயரும் தேதியும் விலையும் மட்டுமே இருக்கும், கவர் லைன் இருக்காது. அதன் வாசகர்களில் பெரும்பாலோர் சந்தா கட்டியவர்கள். வீட்டுக்கே வந்து சேரும் பத்திரிகை, உள்ளே என்ன இருக்கிறது என்று கூவ வேண்டியதில்லை. அதைப் பார்த்துவிட்டு, "அவங்க அட்டை எவ்வளவு நிதானமா இருக்கு, நம்ம அட்டை ஏன் இப்படிச் சந்தைக்கடையா இருக்கு" என்று தமிழ் வார இதழ்களைக் குறை சொல்பவர்கள் உண்டு. கயிற்றில் நாற்பது பத்திரிகைகளோடு தோளுரசி நிற்கும் அட்டையையும், தபால்பெட்டியில் தனியாக விழும் அட்டையையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அட்டைக்கு மூன்று உறுப்புகள், மூன்று தூரங்கள். இதழ் வாசகரிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்து அந்த உறுப்புகளின் பங்கு மாறும்.

முகம்

எல்லோருக்கும் தெரிந்த அணுகுமுறை இதுதான். ஒரு பெரிய முகம், அதுவும் நம்மை நேராகப் பார்க்கும் முகம். கூட்டத்தில் யாராவது நம்மைப் பார்த்தால் திரும்பிப் பார்ப்போம் இல்லையா, அந்த இயல்பைத்தான் இது பயன்படுத்துகிறது. தமிழ் வார இதழ்களில் பல காலமாக அந்த முகம் சினிமாவிலிருந்து வருகிறது.

"நடிகை படம் போட்டா விக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். பாதிதான் சரி. முகம் மூன்றடித் தூரத்தில் நிறுத்தும். ஆனால் ஒரு பெரிய படம் வெளியாகும் வாரத்தில் அதே முகம் நாலு இதழ்களில் வரும். அதே ஸ்டில், அதே புன்னகை. அப்போது வாசகர் எதை வைத்து ஒன்றை எடுப்பார்? பெயரையும் வாசகத்தையும் வைத்துத்தான். அந்த இரண்டையும் கவனிக்காமல் முகத்தை மட்டும் நம்பிய அட்டை அந்த வாரம் தோற்றுவிடும்.

புகைப்படத்துக்கு இன்னொரு சிக்கல், அட்டையின் வடிவம். உலகத்தைப் பெரும்பாலும் அகலவாக்கில் படம் எடுக்கிறோம். அட்டையோ உயரவாக்கில் இருக்கிறது. 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியோகிராபிக்' எகிப்தின் கீசா பிரமிடுகளை அட்டையில் போட்டது. அகலமான படம் உயரத்துக்குள் அடங்கவில்லை என்று கணினியில் பிரமிடுகளை நெருக்கி வைத்துவிட்டார்கள். பெரிய கண்டனம் எழுந்தது. நியாயமான கண்டனம்தான், உள்ளதை உள்ளபடி காட்டுவதாகச் சொல்லும் பத்திரிகை கல்மலையை நகர்த்தக்கூடாது.

கோடும் வண்ணமும்

எனக்கு மிகவும் பிடித்த அணுகுமுறை இது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகங்களுக்கு நடுவே சில சமயம் ஐம்பதுகளின் வார இதழ்கள் கட்டாகக் கிடைக்கும். ஒன்றை எடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் புகைப்படம் சாம்பல் பூசியதுபோல இருக்கும். பக்கத்திலேயே ஒரு கோட்டோவியம் நேற்று வரைந்ததுபோலப் பளிச்சென்று இருக்கும். ஒரே தாள், ஒரே மை, ஒரே இயந்திரம். வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அச்சு இயந்திரத்துக்கு மை வைப்பதும் வைக்காமல் விடுவதும்தான் தெரியும். பாதி மை என்று ஒன்று கிடையாது. கோட்டோவியத்தில் கோடு இருக்கும் இடத்தில் மை, மற்ற இடத்தில் வெள்ளை; எனவே அப்படியே பதிந்துவிடும். புகைப்படத்தில் கன்னத்தின் நிழலைக் காட்டச் சாம்பல் நிறம் வேண்டும். அதற்காகப் படத்தைப் பொடிப்பொடிப் புள்ளிகளாக உடைப்பார்கள். புள்ளி பெரிதானால் இருட்டு, சிறிதானால் வெளிச்சம். இதற்கு ஹாஃப்டோன் என்று பெயர். மட்டமான தாளில் அந்தப் புள்ளிகளின் மை ஊறிப் பரவி ஒன்றோடொன்று கலந்துவிடும். முகம் கறையாகிவிடும்.

அந்தக் காலத்து இதழ்கள் ஓவியர்களை நம்பியதற்கு ரசனையோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம். 'ஆனந்த விகட'னில் மாலி, அவருக்குப் பிறகு கோபுலு, கோயில் சிற்பங்களைக் கல்லின் விரிசல்வரை வரைந்து காட்டிய சில்பி. 1941-ல் தொடங்கிய 'கல்கி'யில் வரலாற்றுத் தொடர்களுக்கு உருவம் கொடுத்த மணியம். ஒரு நாட்டின் ராஜாவுக்கும் ராணிக்கும் எப்படிப்பட்ட மூக்கு இருந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் இவர்கள் தூரிகை வழியாகத்தான் தெரிந்துகொண்டார்கள். தீபாவளி மலர் என்றால் அட்டையில் கடவுளோ புராணக் காட்சியோ வண்ண ஓவியமாக வரும். அந்த மலரை யாரும் கயிற்றில் பார்த்து அவசரமாக எடுப்பதில்லை. வீட்டில் வருடம் முழுக்க வைத்திருப்பார்கள். கையில் வைத்து நெடுநேரம் பார்க்க வேண்டிய அட்டைக்கு விவரங்கள் நிறைந்த ஓவியம் பொருத்தமானது.

இதே கோட்டை முற்றிலும் வேறு காரணத்துக்காகப் பிடித்துக்கொண்டவை சிற்றிதழ்கள். சிற்றிதழிடம் காசு கிடையாது. ஒரே ஒரு மை என்றால் தாள் இயந்திரத்தில் ஒரு தடவை ஓடினால் போதும், செலவு குறைவு. ஓவியர் ஆதிமூலத்தின் கறுப்பு வெள்ளைக் கோடுகளும், அவர் கையால் எழுதிக் கொடுத்த தலைப்பெழுத்துகளும் அந்தக் கட்டாயத்தையே ஓர் அழகாக மாற்றின. தமிழ் எழுத்து அச்சுக்கோப்பு எழுத்தைப் போல மட்டும் இருக்க வேண்டியதில்லை, முரடாகவும் தடித்தும் ஓவியமாகவே இருக்கலாம் என்பதைத் தமிழ் இதழ்களுக்கு அழுத்தமாகக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

ஜோக்கும் கருத்தும்

படம் அழகுக்காக இல்லாமல் ஒரு விஷயத்தைச் சொல்வதற்காக வருவது அடுத்த வகை. நமக்கு இது புதிதல்ல. 1906-ல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் பாரதியார் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டார். 'ஆனந்த விகடன்' பல காலம் அட்டையிலேயே ஜோக் போட்டுவந்தது.

அட்டை ஜோக் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1987-ஐ நினைத்துப் பார்க்கலாம். எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்து விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் 3 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். அதே ஜோக் உள்ளே நாற்பதாம் பக்கத்தில் வந்திருந்தால் இவ்வளவு நடந்திருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அட்டையில் வருவது பத்திரிகையை வாங்காதவர் கண்ணிலும் படும். தெருவில் நின்று பேசுவதற்குச் சமம் அது.

கருத்து அட்டைக்கு ஒரு நிபந்தனை உண்டு: பாதி விஷயம் வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் 'எஸ்குயர்' இதழின் 1968 ஏப்ரல் அட்டையில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி உடம்பில் அம்புகள் தைத்த நிலையில் நின்றார். ஜார்ஜ் லோயிஸ் என்பவர் வடிவமைத்தது. ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அலியின் பட்டம் பறிக்கப்பட்டதும், அம்பு தைத்து நிற்கும் புனித செபஸ்தியாரின் ஓவியங்களும் தெரிந்தவர்களுக்கு ஒரு நொடியில் புரியும். செபஸ்தியார் கோயில் இருக்கும் நம் ஊர்க்காரருக்கும் புரியும். தெரியாதவருக்கு அது வெறும் விசித்திரமான படம். எனவே இந்த வகையில் இறங்குகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, என் வாசகருக்கு எது தெரியும் என்பதைத்தான்.

படமே இல்லாமல் எழுத்தை மட்டும் வைப்பதும் ஒரு வழி. 1966 ஏப்ரலில் 'டைம்' கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் "கடவுள் இறந்துவிட்டாரா?" என்று மட்டும் கேட்டது. வருடத்துக்கு ஒருமுறை செய்தால் இடி மாதிரி விழும். அடிக்கடி செய்தால் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும்.

ஆக, முகம் என்றால் படத்துக்குப் பெரிய பங்கு. தீபாவளி மலர் போன்ற ஓவியம் என்றால் கையில் வைத்துப் பார்க்கும் நேரத்துக்குப் பங்கு. கருத்து என்றால் வாசகரின் முன்னறிவுக்கு. எழுத்து மட்டும் என்றால் முழுப் பாரமும் வாசகத்தின் தலையில்.

தமிழ் எழுத்தின் தலையும் வாலும்

ஆங்கிலத்தில் வடிவமைப்புப் பாடம் படித்துவிட்டு வரும் இளைஞர்கள் தடுமாறும் இடம் இது. ஆங்கிலத்தில் பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதினால் மேலும் கீழும் வெட்டியதுபோல ஒரே உயரத்தில் நிற்கும், செங்கல் அடுக்கியதுபோல. 'குமுதம்' என்று எழுதிப் பாருங்கள். கு ஒரு பக்கம் வளைகிறது, மு-வுக்கு ஒரு வால், கடைசி ம் தலையில் புள்ளி. 'விகடன்' என்றால் வி-யின் மேல் ஒரு விசிறி. மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் நம் எழுத்தின் இயல்பு. இரண்டு வரி கவர் லைன் எழுதினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிட அதிக இடம் விட வேண்டும். சொற்களும் நீளம். எனவே தமிழ் அட்டையில் வாசகங்கள் குறைவாக இருப்பதே நல்லது. ஏழு விஷயத்தைத் திணிப்பதைவிட மூன்று போதும்.

அதைவிட ஆபத்தானது, முகத்தைப் பெயருக்கு முன்னால் கொண்டுவருவது. ஆங்கில இதழ்களில் நடிகரின் தலை பெயரில் ஓர் எழுத்தைப் பாதி மறைக்கும். பெயர் அப்படியும் படிக்க வரும், ஆழமும் கிடைக்கும். தமிழில் அப்படியே செய்ய முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்விச் சிறப்பிதழுக்கு அட்டை செய்தேன். 'கல்வி' என்று பெரிதாக எழுதி, பட்டமளிப்புத் தொப்பி போட்ட மாணவியை முன்னால் நிறுத்தினேன். தொப்பியின் நுனி 'ல்' மேல் இருந்த புள்ளியைச் சரியாக மறைத்துவிட்டது. 'கல்வி' 'கலவி' ஆகிவிட்டது. நானும் பார்க்கவில்லை, பொறுப்பாசிரியரும் பார்க்கவில்லை. இரவு பத்து மணிக்கு பிளேட் போடுவதற்கு முன்னால் அச்சகத்தில் ஓர் அண்ணன் ஃபோன் செய்து, "தம்பி, தலைப்பை ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க" என்றார். அன்றிலிருந்து எந்த அட்டையையும் வாய்விட்டுப் படிக்காமல் அனுப்பியதில்லை.

மை செய்யும் வேலை

"ஸ்கிரீன்ல பார்த்தப்ப புடவை இப்படி இல்லையே" என்பது அச்சான அட்டையைப் பார்த்தவுடன் வரும் வழக்கமான வருத்தம். திரை விளக்கைப் போல ஒளி விடுகிறது. தாள் தானாக ஒளி விடாது. மேலே விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை மை உறிஞ்ச, மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. அச்சில் இருப்பது நான்கே மை: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. அச்சகத்தில் அந்த நீலத்தை சியான் என்றும் சிவப்பை மெஜெண்டா என்றும் சொல்வார்கள். முன்பு சொன்ன புள்ளிகள்தான், நான்கு நிறத்தில் பக்கம்பக்கமாகவும் ஒன்றின்மேல் ஒன்றாகவும் விழுந்து எல்லா நிறமாகவும் தோன்றுகின்றன. இதுதான் நால்வண்ண அச்சு. இந்த நான்கால் எட்ட முடியாத நிறங்கள் உண்டு. பளீரென்ற கிளிப்பச்சையும் மின்னும் நீலமும் அதில் சேரும். நான்கு நிறப் பதிவுகளும் மயிரிழை விலகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால் "ரிஜிஸ்டர் ஆகலை" என்பார்கள், உதட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு உதடு தெரியும்.

நிறம் வெறும் தொழில்நுட்பம் மட்டுமல்ல. 1994 ஜூனில் அமெரிக்காவின் கறுப்பின விளையாட்டு நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் கைதானபோது, போலீஸ் எடுத்த ஒரே படத்தை 'நியூஸ்வீக்'கும் 'டைம்'மும் அதே வாரம் அட்டையில் போட்டன. 'டைம்' அட்டையில் அவர் முகத்தை இன்னும் கறுப்பாக்கியிருந்தார்கள். இரண்டு இதழும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் மறைக்க முடியவில்லை. கறுப்பாக்கினால் குற்றவாளிபோலத் தெரிவார் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று மக்கள் கேட்டார்கள். நம் பக்கம் இதற்கு நேர் எதிராக நடக்கிறது. கறுத்த முகங்களை வெளுக்க வைக்கச் சொல்வார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், மாநில அளவில் ஜெயித்த ஓட்டப்பந்தய வீராங்கனையின் முகத்தை "ரெண்டு ஷேடு ஏத்து" என்றார்கள். அன்று நான் செய்துகொடுத்துவிட்டேன். இதழ் வந்த பிறகு அந்தப் பெண்ணின் அம்மா, "இது எங்க பொண்ணு மாதிரியே இல்லையேப்பா" என்றார். இப்போது யார் சொன்னாலும் செய்வதில்லை.

தபால்தலை அளவு

இன்று பல அட்டைகளை முதலில் பார்ப்பது கைபேசியில். அங்கே அட்டை தபால்தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். கையில் வைத்து ஆறு அங்குலத்தில் பார்க்கிறோம், ஆனால் தெரிவது என்னவோ பத்தடியில் தெரிவதுதான். கவர் லைன்களைப் படிக்க முடியாது. ஒரு பெயர், ஒரு உருவம், அவ்வளவுதான் பிழைக்கும். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் சோதனை இது: அட்டையைத் திரையில் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், பிறகு ஒரு பிரதி அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். இரண்டிலும் தெரிவதுதான் உங்கள் அட்டை.

வேளச்சேரிக்குத் திரும்புவோம். செயலாளரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இந்த மலர் யார் கைக்கு எப்படிப் போகும் சார்?" பொங்கல் விழாவில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒன்று வைப்பார்களாம். 96 வீடுகள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கயிறும் இல்லை, போட்டியும் இல்லை. பத்தடி வேலையும் மூன்றடி வேலையும் இங்கே தேவைப்படவில்லை. நிகழ்ச்சி தொடங்கும்வரை அரை மணி நேரம் மடியில் வைத்துப் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டும். 43 புகைப்படங்களையும் விட்டுவிட்டோம். பி பிளாக்கில் படம் வரையும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். கட்டடம் முழுவதையும் அவன் பேனாவால் வரைந்தான்: மொட்டைமாடி வடாம், ஜெனரேட்டர் அறைப் பூனை, தண்ணீர் லாரிக் குழாய், மூன்றாம் மாடியில் காயும் பள்ளிச் சீருடை. ஒரே மை, கறுப்பு. விழாவன்று என் பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய் விரலால் ஒவ்வொரு ஜன்னலாக எண்ணிக்கொண்டு போனார். தன் வீட்டு ஜன்னல் வந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.